பராக்குப் பார்க்கும் பிள்ளை: வகுப்பறையில் கவனம் எப்படி வேலை செய்கிறது?

"மனிதனின் கவனம் 8 நொடிதான் நிற்கிறது. தங்கமீனுக்குக்கூட 9 நொடி." கடலூர், புதுச்சேரி பக்கத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இந்த ஃபார்வர்டு சுற்றி வருகிறது. 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று ஆஸ்திரேலியாவில் நடைமுறைக்கு வந்த பிறகு பேச்சு இன்னும் சூடாகிவிட்டது. போன்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்கிறது ஒரு தரப்பு. பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போச்சு என்கிறது இன்னொரு தரப்பு. பெற்றோர் கூட்டத்தில் "படிக்கிற பையன்தாங்க, ஆனா கவனமே இல்ல, பராக்குப் பார்க்கிறான்" என்று கேட்டுவிட்டு வெளியே வரும் அம்மாவுக்கு இந்த இரண்டு தரப்பாலும் உபயோகமில்லை.

முதலில் அந்தத் தங்கமீனை அனுப்பிவைத்துவிடலாம். 8 நொடிக் கணக்கைப் பரப்பியது, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கனடா பிரிவு 2015இல் விளம்பரத் துறையினருக்காக வெளியிட்ட ஓர் அறிக்கை. அந்த எண் ஆய்விலிருந்து வந்ததல்ல. ஒரு புள்ளிவிவர இணையதளத்திலிருந்து எடுத்துப் போட்டது. மூலத்தைத் தேடிப்போன பத்திரிகையாளர்களுக்குப் பின்னால் எந்த ஆய்வும் கிடைக்கவில்லை. தங்கமீன் கணக்குக்கும் அதே கதிதான்.

எண் பொய் என்பதைவிட, கவனத்தை நொடிக்கணக்கில் அளப்பதே பிசகு என்பது முக்கியம். சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும்போது மூன்றரை மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்க்கும் அதே பையன்தான் பின்னக் கணக்கில் நான்காவது நிமிடம் நழுவுகிறான். அவனிடம் கவனம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் விடை வராது. பாடம் தொடங்குவதற்கு முன்பே எதெல்லாம் அதை எடுத்துக்கொண்டது என்று கேட்டால் வரும்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு காது

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் கடலூர் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு நில்லுங்கள். சிதம்பரம், பண்ருட்டி, விருத்தாசலம் என்று நாலு பக்கமும் குரல். ஹாரன். டீக்கடைப் பாட்டு. நீங்கள் புதுச்சேரி போக வேண்டியவர் என்றால் "பாண்டி, பாண்டி, பாண்டி" மட்டும் தனியாகக் காதில் வந்து விழும். மற்ற சத்தமும் அதே காதுக்குள்தான் போகிறது. போகிற வழியில் எங்கோ நின்றுவிடுகிறது.

1953இல் காலின் செர்ரி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதைச் சோதனையாகச் செய்தார். ஹெட்போனில் இரண்டு காதுக்கும் இரண்டு வெவ்வேறு பேச்சு. ஒன்றை மட்டும் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். செய்தவர்களுக்கு இன்னொரு காதில் என்ன சொல்லப்பட்டது என்றே தெரியவில்லை. ஆண் குரலா பெண் குரலா என்பது தெரிந்தது. என்ன பேச்சு, எந்த மொழி என்பதுகூடத் தெரியவில்லை. 1959இல் நெவில் மோரே இதில் ஒரு திருத்தம் கண்டார். கவனிக்காத காதில் அவரவர் பெயரைச் சொன்னால் சுமார் மூன்றில் ஒருவருக்குக் கேட்டுவிடுகிறது.

ஆக, கவனம் என்பது வடிகட்டி. ஒன்று உள்ளே வர, மற்றவை வெளியே நிற்க வேண்டும். "கவனமில்லாத பிள்ளை" என்று நாம் சொல்பவரும் அந்த நொடியில் எதையோ கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஜன்னல் கம்பியில் அணில், முன்பெஞ்சுப் பையனின் புது பேனா, காலையில் அப்பா போட்ட சண்டை. வடிகட்டி வேலை செய்கிறது. டீச்சருக்கு வேண்டியதை வடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பெயர், மூன்று வேலைகள்

கவனம் என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் மூளையில் அது மூன்று தனித்தனி வலைப்பின்னல்களின் வேலை என்று மைக்கேல் போஸ்னரும் ஸ்டீவன் பீட்டர்சனும் 1990இல் வகுத்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நிறையத் திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை நிற்கிறது.

1. விழிப்பு. மூளை எந்த அளவுக்குத் தயார் நிலையில் இருக்கிறது என்பது. தூக்கமும் பசியும் காய்ச்சலும் முதலில் கை வைப்பது இதில்தான்.

2. திரும்புதல். கண்ணையும் காதையும் ஒரு பக்கம் திருப்புவது. இதில் பெரும்பகுதி தானாக நடக்கிறது. பளிச்சென்று எது அசைந்தாலும் தலை திரும்பும். பாம்பும் புலியும் இருந்த காலத்து ஏற்பாடு; மூளை அதை விடவில்லை.

3. கட்டுப்பாடு. திரும்பிய தலையை மறுபடி பாடத்துக்கு இழுத்து வருவது, கை பரபரத்தாலும் அடக்குவது, இரண்டு விதிகளில் எது இப்போது பொருந்தும் என்று தேர்வது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு இதில் பெரிய பங்கு. மூளையில் கடைசியாக முதிரும் பகுதிகளில் அது ஒன்று. இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது.

பள்ளியில் மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே திட்டு. தூங்கி வழியும் பிள்ளை முதல் வகை. சத்தம் கேட்ட பக்கமெல்லாம் திரும்பும் பிள்ளை இரண்டாவது. கேள்வி முடிவதற்குள் பதிலைக் கத்திவிடும் பிள்ளை மூன்றாவது. "கவனமா இரு" என்று மூவரிடமும் சொல்வது, தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பதுபோல. ஏழு வயதுக் குழந்தையிடம் மூன்றாவது வேலையை நாற்பது நிமிடப் பீரியடு முழுக்க எதிர்பார்ப்பது, இன்னும் கட்டி முடிக்காத மாடியில் குடியேறச் சொல்கிற கதை.

சின்ன மேசை

வடிகட்டியைத் தாண்டி உள்ளே வந்தது எங்கே போகிறது? செயல் நினைவு என்ற ஒரு சின்ன மேசைக்கு. ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்கிற இடம் அது. கணக்கில் "கையில் ஒன்று" என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்த ஒன்று உட்கார்ந்திருப்பது இந்த மேசையில்.

ஜார்ஜ் மில்லர் 1956இல் இதில் ஏழு பொருள், கூடினால் குறைந்தால் இரண்டு, என்று சொன்னது பிரபலமானது. 2001இல் நெல்சன் கவன் ஆராய்ந்து பார்த்து, பலவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குவழி எதுவும் இல்லாதபோது சுமார் நான்குதான் என்றார். பெரியவர்களுக்கே அவ்வளவுதான். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு.

இது வகுப்பில் என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு வரியில் பார்க்கலாம். ஆறாம் வகுப்பு ஆங்கில வழி அறிவியல். போர்டில் போட்டோசிந்தசிஸ் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. 14 எழுத்து. சரளமாகப் படிக்கும் மாணவிக்கு அது ஒரே பொருள். ஒருமுறை பார்த்தாள், எழுதிவிட்டாள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவனுக்கு அது 14 பொருள். அவன் நிமிர்ந்து பி, ஹெச், ஓ என்று மூன்றை எடுக்கிறான். குனிந்து எழுதுகிறான். மறுபடி நிமிர்ந்து, எங்கே விட்டோம் என்று தேடுகிறான். ஓ இரண்டு இடத்தில் இருக்கிறது, எந்த ஓ? டி, ஓ, எஸ். குனிகிறான். இப்படி ஐந்து முறை நிமிர்ந்து குனிந்தால் ஒரு சொல் நோட்டில் ஏறும். அதே நேரம் மிஸ் பின்னாலிருந்து, இலை எப்படிச் சூரிய ஒளியை வைத்து உணவு செய்கிறது என்று அழகாக விளக்கிக்கொண்டிருக்கிறார். அந்த விளக்கத்துக்கு அவன் மேசையில் இடமே இல்லை. பீரியடு முடியும்போது நோட்டு நிறைந்திருக்கிறது. கேள்வி கேட்டால் திருதிருவென்று விழிக்கிறான். "இவ்வளவு நேரம் எங்கே இருந்த?" அவன் அந்த வகுப்பிலேயே மிகக் கடுமையாகக் கவனித்துக்கொண்டிருந்தவன்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இக்கு மாறிய காலத்தில் பல வீடுகளில் எழுந்த புலம்பலுக்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது. பாடம் கடினமா எளிதா என்பது ஒரு கேள்வி. பாடத்தின் மொழியைக் கூட்டிப் படிப்பதிலேயே மேசை நிறைந்துவிடுகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதைக் கேட்பவர்கள் குறைவு. வாசிப்பு சரளமானால் அதே பிள்ளைக்கு அதே மேசையில் இடம் கிடைக்கும். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கும் நியாயம் இதுதான்: ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது தானாக வந்தால், கணக்கை யோசிக்க மேசை காலியாக இருக்கும். மனப்பாடம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சத்தம், சுவர், வெயில்

மேசையை ஆக்கிரமிப்பதில் கட்டடத்துக்கும் பங்கு உண்டு.

நியூயார்க்கில் மேம்பால ரயில் பாதையை ஒட்டி ஒரு பள்ளி இருந்தது. சுமார் நான்கரை நிமிடத்துக்கு ஒரு ரயில். பாதையை ஒட்டிய வகுப்புகளையும், அதே கட்டடத்தில் மறுபக்கத்து அமைதியான வகுப்புகளையும் ஆர்லின் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் ஒப்பிட்டார். சத்தப் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பு வரும்போது வித்தியாசம் ஏறக்குறைய ஓராண்டு. ஆய்வு வெளிவந்தது 1975இல். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் வைத்து, வகுப்பில் ஒலி உறிஞ்சும் கூரை போட்டார்கள். 1981இல் மறுபடி பார்த்தபோது இரண்டு பக்கமும் சமம். பள்ளியும் ரயில் பாதையும் அதே இடத்தில்தான் இருந்தன; குறைந்தது சத்தம்.

பாடம் நடக்கும் வகுப்பின் பின்னணி ஒலி 35 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாதாரணப் பேச்சே சுமார் 60. இனி, புதுச்சேரி கடலூர் சாலையை ஒட்டியோ, மஞ்சக்குப்பத்துப் பிரதான சாலையை ஒட்டியோ ஜன்னல் திறந்திருக்கும் ஒரு வகுப்பை நினைத்துப்பாருங்கள். பஸ் ஏர் ஹாரன் அடிக்கும்போது டீச்சர் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, அது போன பிறகு தொடர்கிறார். பெரியவர்களுக்கு விட்ட சொல்லை ஊகித்து நிரப்பிக்கொள்ளத் தெரியும். சத்தத்துக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறன் பிள்ளைகளுக்குப் பதின்ம வயது வரை வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அதுவும் தெரியாத மொழியில், தெரியாத சொல்லில் எதை வைத்து நிரப்புவது? சுவர் எழுப்பாமல் ஒன்று செய்யலாம்: சின்ன வகுப்புகளைச் சாலைப் பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்கு மாற்றலாம். ஆபீஸ் அறையும் ஸ்டாஃப் ரூமும் சாலையைப் பார்த்து இருக்கட்டும். செலவில்லாத வேலை, தலைமையாசிரியருக்குக் கொஞ்சம் மனசு வேண்டும்.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து வயதுக் குழந்தைகள் 24 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள், 2014இல் வெளியானது. சுவர் முழுக்கப் படமும் சார்ட்டும் ஒட்டிய அறையில் சில பாடங்கள், வெற்றுச் சுவர் அறையில் சில பாடங்கள். அலங்கரித்த அறையில் பாடத்தை விட்டு விலகியிருந்த நேரம் 38.6 சதவீதம், வெற்று அறையில் 28.4. கேள்விகளுக்குச் சரியான விடை அலங்கார அறையில் 42 சதவீதம், மற்றதில் 55. ஆய்வு சிறியதுதான், ஆகவே சார்ட்டை எல்லாம் கிழிக்க வேண்டியதில்லை. போர்டைச் சுற்றி இருக்கும் சுவரையாவது வெறுமையாக விடலாம். எல்கேஜி வகுப்பைப் பார்த்ததும் "எவ்வளவு கலர்ஃபுல்லா இருக்கு" என்று சேர்க்கை போட்டுவிடும் பெற்றோர் இதையும் மனதில் வைக்கலாம்.

வெயில்: அமெரிக்காவில் சுமார் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏசி இல்லாத பள்ளிகளில், பள்ளி ஆண்டின் வெப்பம் ஒரு டிகிரி பாரன்ஹீட் கூடினால் அந்த ஆண்டுக் கற்றலில் சுமார் 1 சதவீதம் குறைந்தது. கடற்கரை ஊரில் வெயிலோடு புழுக்கமும் சேரும். ஏப்ரல் மத்தியான கடைசிப் பீரியடில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கணக்கு வைப்பது யார் யோசனையோ!

வீட்டிலிருந்து கொண்டுவருவது

1. தூக்கம். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் என்பது மருத்துவப் பரிந்துரை. நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடலூரிலிருந்து புதுச்சேரிப் பள்ளிக்கு வேனில் போகும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம். வேன் தெருமுனைக்கு 6.45க்கு வந்துவிடும், எழுந்திருப்பது 5.30. சாயந்திரம் டியூஷன் முடிந்து ஹோம்வொர்க், சாப்பாடு, கொஞ்சம் டிவி எல்லாம் முடிய 10.30. ஏழு மணி நேரம். குறைந்தபட்சத்துக்கே இரண்டு மணி நேரம் கடன், தினமும். இதில் ஒரு விசித்திரம்: தூக்கம் போதாத பெரியவர்கள் தூங்கி வழிவார்கள்; சின்னப் பிள்ளைகள் பல நேரம் அதற்கு நேர்மாறாகத் துறுதுறுவென்று ஆகிவிடுவார்கள். ஆகவே காரணம் தூக்கம் என்று யாருக்கும் தோன்றாது.

2. இரும்புச்சத்து. மூளை செல்களுக்கு இடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் உண்டாக இரும்பு தேவை. கவனத்தை நிறுத்திவைப்பதில் டோபமைனுக்குப் பங்கு உண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அந்தக் குழந்தைகள்தான் இப்போது ஒன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

3. காலைச் சாப்பாடு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. கடலூர் மாவட்டமும் அதில் அடங்கும். ரவா கிச்சடியும் பொங்கலும் முதல் பீரியடுக்கு என்ன செய்யும் என்பது ஒன்றாம் வகுப்பு டீச்சர்களுக்குத் தெரியும்.

4. கண்ணும் காதும். போர்டு தெரியாத பிள்ளை "எனக்குத் தெரியல" என்று சொல்வதில்லை. உலகமே மங்கலாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறது. அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோக்கும் பிள்ளைக்கும் அப்படியே. கூப்பிட்டால் திரும்பாததைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். பள்ளிகளுக்கே வந்து பரிசோதிக்கும் தேசியச் சிறார் நலத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கவனமில்லை என்ற முடிவுக்கு வருமுன் ஒரு கண் பரிசோதனை பெரிய வேலையில்லை.

5. சர்க்கரை. சாக்லேட் சாப்பிட்டால் பிள்ளை குதிக்கும் என்பது நம் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. பல ஆய்வுகளைத் தொகுத்து 1995இல் பார்த்தபோது சர்க்கரைக்கும் துறுதுறுப்புக்கும் தொடர்பு தென்படவில்லை. பல்லுக்கும் உடம்புக்கும் கெடுதல் என்பது வேறு வழக்கு.

போனும் அவதானியும்

போனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. குற்றமே இல்லை என்று விடுவிக்கவும் முடியாது. அது செய்யும் வேலை இரண்டு. ஒன்று மேலே சொன்ன தூக்கத்தைத் தின்பது. மற்றது, மாற்றி மாற்றித் தாவவைப்பது.

ஒரே நேரத்தில் பல வேலை செய்ய முடியும் என்பதற்கு நம் மொழியிலேயே சாட்சி உண்டே என்று யாராவது கேட்கலாம். அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்றுதான் பொருள். இலங்கையில் சாலை எச்சரிக்கைப் பலகையில் இன்றும் 'அவதானம்' என்று எழுதியிருப்பார்கள். எட்டு விஷயங்களைக் கவனிப்பவர் அட்டாவதானி, பத்து என்றால் தசாவதானி, நூறு என்றால் சதாவதானி. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு கவனகம் செய்து காட்டினார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் நடுவில் மணி அடிப்பார், ஒருவர் முதுகில் கல் எறிவார். கடைசியில் பாட்டும் வரும், மணி எத்தனை, கல் எத்தனை என்ற கணக்கும் வரும்.

உற்றுப் பார்த்தால் அவதானியும் ஒரு நொடியில் ஒன்றைத்தான் கவனிக்கிறார். விட்ட இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய், திரும்பி வந்து அதே முடிச்சைப் பிடிக்கிறார். அந்த முடிச்சுப் போடும் வித்தைக்குத்தான் பல ஆண்டுப் பயிற்சி. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஹோம்வொர்க்குக்கும் ரீல்ஸுக்கும் நடுவே தாவும்போது முடிச்சு எதுவும் விழுவதில்லை. முன்பு செய்த வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டே அடுத்த வேலைக்கும் வந்துவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் பெரியவர்களிடம் செய்த சோதனைகளில் காட்டினார். 2015இல் வெளியான இன்னொரு ஆய்வில், கவனச் சோதனை செய்துகொண்டிருந்தவர்கள் போனைத் தொடவே இல்லை. நோட்டிஃபிகேஷன் வந்ததே போதும், பிழைகள் கூடின. படிக்கும் நேரத்தில் போன் சைலன்ட்டில் மேசைமேல் இருப்பதற்கும் பக்கத்து அறையில் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அப்பாவின் போனுக்கும் அது பொருந்தும்.

வாய் படிக்கிறது, மனம் மேய்கிறது

"சத்தம் போட்டுப் படி, சமையல்கட்டுக்குக் கேட்கணும்." இந்த ஊர்த் திண்ணைகளில் தலைமுறைகளாக ஒலிக்கும் கட்டளை. இதில் பாதி சரி. சத்தமாகப் படித்த சொல் மௌனமாகப் படித்ததைவிட நன்றாக நினைவில் நிற்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மீதிப் பாதியில்தான் கோளாறு. ஒரே பத்தியை ஐந்தாவது முறை படிக்கும்போது வாய் தானாக ஓடும். மனம் தெருவில் விளையாடப் போயிருக்கும். சமையல்கட்டுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

மனம் மேய்வதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. 2,250 பெரியவர்களிடம் நாளின் பல நேரங்களில் போன் வழியே கேட்டுப் பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் 46.9 சதவீதம் மனம் வேறெங்கோதான் இருந்தது. நமக்கே பாதி நேரம் அப்படி.

மேயும் மனதை இழுத்துவர மிரட்டலைவிடக் கேள்வி நன்றாக வேலை செய்கிறது. ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் செய்த சோதனையில் ஒரு குழு பாடத்தைத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் படித்தவர்கள் முன்னால்: அவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து வைத்தால் தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56, படித்தவர்கள் 42. புத்தகத்தை மூடிவிட்டு "இப்ப என்ன படிச்ச, சொல்லு" என்று கேட்டால் மனம் மேய வழியில்லை. விடை தேட அது வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும்.

தேர்வு நெருங்கும்போது பி.டி. பீரியடை மேத்ஸ் டீச்சர் வாங்கிக்கொள்வது ஊரறிந்த வழக்கம். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 நிமிடம் நடந்த பிறகு கவனச் சோதனையை இன்னும் நன்றாகச் செய்தார்கள் என்று 2009இல் சார்லஸ் ஹில்மன் குழு கண்டது. வாங்கிய பீரியடில் அந்த டீச்சர் நடத்தும் கணக்குக்கே அது நஷ்டம்.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால்

தூக்கம் சரி, கண் சரி, மொழி சரி, சாப்பாடு சரி. அப்படியும் பிள்ளையால் முடியவில்லை என்றால் ஏடிஎச்டி என்ற கவனக்குறைவு, மிகைத்துறுதுறுப்புக் கோளாறாக இருக்கலாம். உலக அளவில் பள்ளி வயதினரில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இருப்பதாக மதிப்பீடு. 40 பேர் வகுப்பில் இரண்டு பேர். வகுப்பில் பாதிப் பேருக்கு ஏடிஎச்டி என்று ஒரு பள்ளி சொன்னால், முதலில் அந்த வகுப்பறையைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்களில் ஒன்று 2013இல் வந்தது. அது இவற்றைப் பார்க்கச் சொல்கிறது:

1. கவனக்குறைவுப் பட்டியலில் ஆறு அறிகுறியாவது, அல்லது துறுதுறுப்புப் பட்டியலில் ஆறு அறிகுறியாவது, வயதுக்குப் பொருந்தாத அளவில் இருக்க வேண்டும்.

2. ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பள்ளி மாறிய முதல் மாதக் குழப்பம் கணக்கில் வராது.

3. சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும்.

4. இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும். வீட்டில் இல்லாமல் பள்ளியில் மட்டும், அதிலும் ஒரே ஒரு டீச்சர் வகுப்பில் மட்டும் என்றால் காரணம் வேறு.

ஓடி ஆடி வகுப்பைக் கலைக்கும் பையன்கள் எளிதில் கண்ணில் படுகிறார்கள். அமைதியாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கனவு காணும் பெண் பிள்ளைக்கும் இதே கோளாறு இருக்கலாம்; யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் கேட்பதில்லை, பத்தாம் வகுப்பில் மதிப்பெண் சரியும் வரை.

எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு பல பிள்ளைகளிடம் ஏடிஎச்டியோடு சேர்ந்தே இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏடிஎச்டி தனி வகையாக இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கும்போது இந்த வேறுபாடு குறுக்கே வரும்.

ஆறு வயதுக்குக் கீழ் என்றால் மருந்துக்கு முன் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் படி. அதற்கு மேல் மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். புதுச்சேரியில் ஜிப்மரிலும் கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது.

மருத்துவர் பள்ளியிலிருந்தும் ஒரு குறிப்பு கேட்பார். பெரும்பாலும் ஆசிரியர் எழுதித் தருவது ஒரே வரி: "கவனமில்லை, சேட்டை அதிகம்." அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. அதற்குப் பதில் ஒரு வாரம் பார்த்து இப்படி எழுதித் தரலாம்: "முதல் இரண்டு பீரியடு பரவாயில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கையை விட்டு எழுகிறான். வாய்மொழிக் கணக்கு சரியாகச் சொல்கிறான், எழுத்துக் கணக்கில் படி தவறுகிறது. போர்டைப் பார்த்து எழுதும்போது கண்ணைச் சுருக்குகிறான். தமிழ் பீரியடில் இந்தத் தொந்தரவு இல்லை."

இந்தக் குறிப்போடு வரும் பிள்ளையை மருத்துவர் முதலில் அனுப்புவது கண் பரிசோதனைக்காக, கண் பிரிவுக்காகத்தான் இருக்கும்.​